பாலம் பூட்டியிருந்த கிழமையில் வந்த காய்ச்சல்

வகுப்பில் என் பக்கத்து வாங்கில் இருந்து, பிறகு என் அண்ணனைக் கட்டி எனக்கு மச்சாளாகிய மலருக்கு,

அண்ணன் பிழைத்துவிட்டார். முதலில் இதைச் சொல்லிவிட வேண்டும். உனக்கு வந்த அதே நிமோனியாக் காய்ச்சல்தான் இந்த மாரியில் அவருக்கும் வந்தது. நேற்றுத்தான் வீட்டுக்குக் கூட்டி வந்தேன். இப்போது உன் மகள் நிரோவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கஞ்சி குடிக்கிறார்.

உனக்கு வந்தபோது அதைச் சும்மா காய்ச்சல் என்றுதான் நினைத்தோம். வயல் வட்டைக்குள் மழையில் நின்று களை பிடுங்கிவிட்டு வந்தவளுக்கு உதறல் எடுத்தது. கொத்தமல்லி அவித்துத் தந்தேன். அடுத்த நாள் விலாவைப் பிடித்துக்கொண்டு இருமினாய். சளி துருப்பிடித்த நிறத்தில் வந்தது. அண்ணன் உடனே உழவு மிசினில் இழுவைப் பெட்டியைப் பூட்டினார்.

ஆனால் பாலம் பூட்டிக் கிடந்தது. எங்கேயோ சண்டையாம், பாதை இல்லை என்று ஆமி திருப்பி அனுப்பிவிட்டது. எங்கள் படுவான்கரையில் நின்று பார்த்தால் வாவிக்கு அந்தப் பக்கம் பட்டினம் தெரிகிறது. ஆஸ்பத்திரியும் அங்கேதான். பார்த்துக்கொண்டே இருந்தோம்.

சில நாள் கழித்துப் பாதை திறந்தபோது உன் உதடுகள் நீலம் பாரித்துவிட்டன. அயல்வீட்டுக்காரர் மிசினை ஓட்ட, கூடவே வர ஏறிய அண்ணனை நீதான் இறக்கிவிட்டாய்.

"நீங்க வந்தா புடிச்சி வச்சிருவானுகள். புள்ளயப் பாத்துக்கங்க. மச்சாள் வருவாதானே."

ஒவ்வொரு சொல்லுக்கும் மூச்சு வாங்கினாய்.

பாலத்தடிச் சென்றியில், ஆமி சோதிக்கும் இடத்தில், எல்லோரும் இறங்கி நடக்க வேண்டும். உன்னை அணைத்துத் தூக்கிக்கொண்டுதான் நடந்தேன். சோதிக்க வந்த ஆமிப் பெண் உன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். பையைத் திறக்காமலே போகச் சொல்லிக் கையைக் காட்டினாள். அவள் முகம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

ஆஸ்பத்திரியில் டொக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "ரெண்டு நுரையீரலும் அடைச்சிட்டுது. கிருமி ரத்தத்திலயும் கலந்திட்டு, பிறஷர் நிக்குதில்ல. ஊசி தொடங்கிட்டம். ஆனா இனி இவவால தானா மூச்செடுக்க ஏலாது. குழாய் போட்டு மெசின்ல விடணும். போட்டாக் கதைக்க ஏலாது. ஏதும் கதைக்கிற எண்டா இப்பவே கதைச்சிருங்க."

நீ மூக்கிலிருந்த மாஸ்க்கை விலக்கினாய். "அவரு வந்திட்டாரா மச்சாள்?"

"வாறார் மலர். வழியில நிக்கிறார்."

உன்னைத் தேற்றத்தான் அப்படிச் சொன்னேன். அது உண்மை என்று அப்போது எனக்கே தெரியாது. நிரோவை அயல்வீட்டில் விட்டுவிட்டு அவர் நம் பின்னாலேயே புறப்பட்டிருக்கிறார். நீ அதைக் கேட்ட நேரம், பாலத்தடியில் சட்டையைக் கழற்றி, கையைத் தலையில் வைத்து அவரை வெயிலில் நிறுத்தியிருந்தார்களாம். முகம் மூடிய யாரோ, இவன் இயக்கத்து ஆள் என்பதுபோல் அவரைப் பார்த்துத் தலையாட்ட, பிடித்துக்கொண்டு போய்விட்டார்களாம்.

மெசின் உன் நெஞ்சை ஏற்றி இறக்கியது. என்னை உள்ளே விட்டபோதெல்லாம் உன் காலைத் தடவிக்கொண்டு நின்றேன். கால் வீங்கியது, பிறகு சிறுநீர் நின்றது. "மருந்து பிந்திப்போச்சு தங்கச்சி" என்றார் டொக்டர். பாலம் திறந்திருந்தால் பிந்தியிருக்குமா? இந்தக் கேள்வியை நான் யாரிடம் கொண்டுபோய்க் கேட்பது?

உன்னை மண்ணில் வைத்த பிறகுதான் அண்ணனை விட்டார்கள். அவர்களிடம் இருந்தபோது என்ன நடந்தது என்று அவர் இன்றுவரை வாய் திறக்கவில்லை. வாவியின் அந்தப் பக்கம் போவதையே விட்டுவிட்டார்.

அதனால்தான் இம்முறை பயந்தேன் மலர். அவரும் விலாவைப் பிடித்துக்கொண்டு இருமினார். அதே நிறச் சளி.

"அந்தப் பாலத்தில நான் கால் வைக்கமாட்டன். இஞ்சயே கிடந்து சாகிறன்."

"செத்துப்போங்க அண்ணன். ஆனா அத நிரோட்ட நீங்களே செல்லிப்போட்டுச் செத்துப்போங்க."

அவர் எழும்பிச் சாரனை இறுக்கிக் கட்டினார். சென்றியில் அவர் உடம்பு நடுங்கியது. காய்ச்சலோ பயமோ, எனக்குத் தெரியவில்லை. அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்த ஆமிக்காரன் கடைசியில் போகச் சொன்னான். வேளைக்கு வந்தபடியால் வார்ட்டிலேயே ஊசியும் ஒட்சிசனும் போதுமாயிருந்தன.

துண்டு வெட்டி வீட்டுக்குப் போகவிட்ட அன்று அவர் கேட்டார். "மலர் எங்க கிடந்தவள்?"

ஐசியு வாசலுக்குக் கூட்டிப்போய், கண்ணாடிக்கு ஊடாக அந்தக் கட்டிலைக் காட்டினேன். வேறொரு பெண் மெசினில் கிடந்தாள். வெளியே வாங்கில் அவள் புருசன், காத்தான்குடிப் பக்கத்து ஆள், தலையில் தொப்பி. அண்ணன் போய் அவர் பக்கத்தில் இருந்தார்.

"உங்கட ஆர் உள்ள?" என்று அந்த மனிசன் கேட்டார்.

"என்ட பொஞ்சாதி" என்றார் அண்ணன்.

நான் திருத்தவில்லை. அந்த மனிசன் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். இரண்டு பேரும் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பார்வையாளர் நேரம் முடிந்து தாதி மிஸ்ஸி வந்து எழுப்பும்வரை அண்ணன் அசையவில்லை. உன்னிடம் அவர் வந்துவிட்டார் மலர். அவ்வளவுதான் என்னால் சொல்ல முடிகிறது.

நிரோ உன்னைப் பற்றிக் கேட்கத் தொடங்கிவிட்டாள். உன்னைக் காய்ச்சல் கொண்டுபோனது என்று மட்டும் அவளுக்குச் சொல்லமாட்டேன். பாலம் பூட்டிக் கிடந்ததையும் சேர்த்தே சொல்வேன். இது உனக்கு என் சத்தியம்.

உன் பிள்ளைக்கு மாமியாய், உனக்கு என்றும்
மச்சாள் ஈஸ்வரி