நான் ஆடி எடுபட்ட பாட்டு

அன்புள்ள என்ர வீட்டுக்காரர் றோய்க்கு, அமெரிக்காவில இருந்து மார்கிறட் எழுதுறன். மாதா புண்ணியத்தில நான் நல்ல சுகம். உங்கட முழங்கால் எப்படி? எண்ணெய் பூசுறீங்களா, இல்லாட்டி போத்தலை அலுமாரியில வச்சுக் கும்பிடுறீங்களா?

இஞ்சாருங்க, ஒரு புதினம்! நான் சமைச்சுப் போடுற பாட்டுக்காரர் டேல், நாப்பது வருசமா வயல் செய்யிற கமக்காரரையும் தொழிற்சாலைச் சனத்தையும் பாடினவர். கடைசிப் பதினொரு வருசமாப் புதுப் பாட்டே இல்ல. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சொந்த ஊரில புதுசா ஒண்டு பாடினார். "இது எடுபடாட்டி கிற்றாரை மூடிருவன், எல்லாரும் வீட்ட போகலாம்" எண்டு முதலே சொல்லிப்போட்டார். நான் மனசுக்குள்ள பெட்டி கட்டிட்டன்.

சனம் கையைக் கட்டிக்கொண்டு இருந்திச்சு. தாள அடியைக் கேட்டா நம்மட கலியாண வீட்டில ஆடுற பைலாப் பாட்டேதான்! மேடை ஓரத்தில தேத்தண்ணித் தட்டை வச்சுப்போட்டு, பாவாடையைப் பிடிச்சு ஆடிட்டன். பிறகுதான் சொன்னாங்க, அது அவர்ர தாய் செத்ததுக்குப் பாடின பாட்டாம்!

கிழவன் என்னைப் பார்த்துச் சிரிச்சுப்போட்டு கிற்றாரை இன்னும் இறுக்கி அடிச்சார். முழுச் சனமும் எழும்பி ஆடிச்சு. "அம்மாவும் ஆடியிருப்பா" எண்டு பாட்டு முடிய டேல் என்ர கையைப் பிடிச்சு அழுதார்.

கூனி இறால் வறுத்து அனுப்புங்க. உங்கட குரலையும் போனில பதிஞ்சு அனுப்புங்க. பாட்டு வேணாம், என்னை ஏசினாலும் போதும்.

பாட்டு எடுபட்டதால பங்குனி வரைக்கும் ஊர் ஊராப் போறம். நத்தார்ப் பண்டிகைக்கு நான் வீட்ட வரமாட்டன். ஆடின என்ர காலாலயே கெடுத்துக்கொண்டன். பஸ் வெளிக்கிடுது, பேனையை வைக்கிறன்.

உங்கட மார்கிறட்