சத்து மாத்திரை என்றாள்

அக்டோபர் 14, செவ்வாய்

பிரஷர் பார்க்க இன்று வீட்டுக்கு வந்த நர்ஸ் என் மாத்திரை அட்டையைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "மனச்சோர்வு மாத்திரைய ஒழுங்கா போடுதியளாம்மா?" என்று கேட்டாள். சத்து மாத்திரை என்று சொல்லித்தான் மகள் ஜெஸி அதைத் தினமும் காலையில் தருகிறாள்.

நர்ஸ் போனதும் கேட்டேன். "ஏட்டி, எனக்கென்ன பைத்தியமா?"

ஜெஸி அழுதாள். "அப்பா போன பொறவு நீங்க கட்டில விட்டு எந்திரிச்சியளா? சோறு தின்னியளா? உள்ளதச் சொல்லியிருந்தா மாத்திரைய முழுங்கியிருப்பியளா?"

விழுங்கியிருக்க மாட்டேன்தான். ஆனாலும் காப்பியில் இன்னும் என்னென்ன கலக்கிறாளோ? ராத்திரி மீன்குழம்பை அவள் தின்ற பிறகுதான் தொட்டேன்.

அதைவிடப் பெரிய சந்தேகம் ஒன்று உறுத்துகிறது. கொஞ்ச நாளாக மீன்காரியிடம் நானே பேரம் பேசுகிறேன். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பாட்டுக்கூடப் பாடினேன். துக்கம் ஆறிவருகிறது என்று நினைத்திருந்தேன். பாடியது நானா, மாத்திரையா?

படுக்கும் முன் ஜெஸியிடம் சொன்னேன். "இனி டாக்டர்ட்ட நான்தான் பேசுவேன். மாத்திரைய எங்கையில தா, நானே எடுத்துப் போடுவேன்."

நாளைக்கு உள்ள ஒரு மாத்திரையை மட்டும் கிள்ளித் தந்துவிட்டு, அட்டையைத் தன் அறைக்குக் கொண்டுபோய்விட்டாள். அவளுக்கும் என்மேல் சந்தேகம். எல்லாவற்றையும் மொத்தமாக விழுங்கிவிடுவேனோ என்று பயப்படுகிறாள் என்று புரிந்தது. காலையில் அவள் பார்க்கவே விழுங்க வேண்டும்.