பதினாறாவது சுற்று

கோட்டாறு,
ஆகஸ்ட் 3, 2024

அன்புள்ள ஜெப்சிக்கு,

இது யார் கையெழுத்து என்று மிரளாதே, என்னுடையதுதான். பிசியோதெரபி அக்கா தினமும் ஒரு பக்கம் எழுதியே தீர வேண்டும் என்று சட்டம் போட்டிருக்கிறாள். அ, ஆ எழுதி எழுதி அலுத்துப்போய்விட்டது. யாருக்காவது கடிதமாக எழுதினால் கை சீக்கிரம் பழகும் என்றாள். உன்னை விட்டால் எனக்கு யார் இருக்கிறார்கள்? போனில் பேசலாமே என்பாய். இப்போது நான் பேசினால் குடிகாரன் உளறுவதுபோல் இருக்கும். அதை நீ கேட்க வேண்டாம்.

நடக்கிறேன். சுவரைப் பிடித்துக்கொண்டு அறையிலிருந்து அடுக்களை வரை பதினோரு எட்டு. அதற்கு ஒரு நிமிடம் ஆகிறது. உடம்புச் சூடு ஏறியதில் பின்மூளையில் நிதானத்தைப் பார்க்கும் இடம் கெட்டுவிட்டதாம், ஓரளவுக்குத்தான் திரும்புமாம். டாக்டர் இதை உம்மா முன்னாலேயே சொல்லிவிட்டார். எனக்கு அவர்மேல் அப்படி ஒரு கோபம்.

வாப்பா கடையைச் சீக்கிரம் அடைத்துவிட்டு வந்துவிடுகிறார். உம்மா உனக்கென்று ஏத்தங்காய் வற்றல் வறுத்து டப்பாவில் போட்டு வைத்திருக்கிறாள். மே மாதம் ஆஸ்பத்திரியில் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டுப் போனவள், அப்புறம் எட்டிப் பார்க்கவில்லையே என்று அவளுக்குக் குறை. எனக்கும்தான்.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். பதினைந்தாவது சுற்று வரை எனக்கு எல்லாம் நினைவிருக்கிறது. காலை ஆறு மணிக்கு என்றிருந்த பத்தாயிரம் மீட்டர் ஓட்டம் எட்டரைக்குத் தள்ளிப்போனது. கோட்டில் நிற்கும்போது, "வெயில் ஏறிட்டு மக்கா, சுத்துக்கு எம்பது செக்கண்டுல போவோம்" என்று நான் சொன்னேன். நீ "சரி" என்றாய். வழக்கம்போல் வாட்ச் உன் கையில் மட்டும். இருபத்தைந்து சுற்றில் முதல் பதினைந்து நீ முன்னால் ஓடி இழுப்பாய், பிறகு வெளியே விலகி எனக்கு உள்ளே வழி விடுவாய், மீதிப் பத்தை நான் இழுப்பேன். வேகம் தாங்கவில்லை என்றால் பின்னால் வருபவள் "ஏட்டி" என்று ஒரு சத்தம் கொடுக்க வேண்டும், முன்னால் போகிறவள் உடனே குறைக்க வேண்டும். ஏழு வருஷமாக இதுதானே நம் வழக்கம். அதற்குப் பிறகு எனக்கு ஒன்றுமே தெரியாது. கண் விழித்தபோது ஒன்பது நாள் ஆகியிருந்தது.

நான் கூப்பிட்டேனா ஜெப்சி? சில நாள் கூப்பிட்டதுபோல் இருக்கிறது. சில நாள் கூப்பிடவே இல்லை என்று தோன்றுகிறது. இதை நினைத்தே எனக்குத் தூக்கம் போய்விட்டது. நீதானே முன்னால் இருந்தாய், எழுது.

எப்போதும் உன் பின்னால் வரும்,
ஷாஹினாஸ்


பயிற்சி முகாம், ஊட்டி,
ஆகஸ்ட் 17, 2024

என் ஷாஹி,

உன் எழுத்துக்கு என்ன குறை? பத்தாம் வகுப்பில் என் எழுத்து இதைவிடக் கேவலமாக இருந்தது, நீதான் ரெக்கார்டு நோட்டு எழுதிக் கொடுப்பாய்.

இங்கே குளிர் எலும்பைத் தின்கிறது. காலையில் இரண்டு மணி நேரம், சாயங்காலம் ஒரு மணி நேரம் ஓட்டம். மூன்று வேளையும் சப்பாத்தியைப் போட்டுக் கொல்கிறார்கள். மரச்சீனிக் கிழங்கும் மத்தி மீன்கறியும் கனவில் வருகிறது. அப்பா குழித்துறையிலிருந்து கூப்பிட்டு, "பேப்பர்ல ஒம் பேரு வந்திருக்கு மக்களே, சர்ச்சுல எல்லாரும் கேட்டாவ" என்று அழுதார். அவர் அழுது நான் பார்த்ததே இல்லை.

நீ கேட்டதற்கு வருகிறேன். இல்லை ஷாஹி, எனக்கு எதுவும் கேட்கவில்லை. உன் காலடிச் சத்தம் சீராக வந்துகொண்டே இருந்தது, நீ நன்றாகத்தான் இருக்கிறாய் என்று நினைத்தேன். தடகளச் சங்கத்து விசாரணையிலும் அப்படித்தான் எழுதிக் கொடுத்திருக்கிறேன். பதினைந்தில் நான் விலகாமல் போனது, நீ களைத்திருப்பாய், இன்னும் இரண்டு சுற்று இழுத்துக் கொடுப்போம் என்றுதான். நீ கூப்பிட்டிருந்தால் நான் குறைக்காமல் இருப்பேனா? இதைப் போட்டு மனசைக் குழப்பிக்கொள்ளாதே. சாப்பிடு, தூங்கு.

லீவு கிடைத்ததும் வருகிறேன். வாப்பாவுக்கும் உம்மாவுக்கும் என் அன்பைச் சொல்.

உன்,
ஜெப்சி


கோட்டாறு,
செப்டம்பர் 8, 2024

அன்புள்ள ஜெப்சிக்கு,

உன் கடிதத்தை வாப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். நான் வாசிப்பது புரியாமல், பாதியில் வாங்கி அவரே வாசித்தார். பிறகு கத்தினார் பார், தெருவில் போகிறவர்கள் நின்றுவிட்டார்கள். "வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருந்த? ஒரு சத்தம் குடுக்கப்பிடாதா? பிள்ள முன்னால ஓடுகா, அவளுக்குப் பிடரியிலயா கண்ணு இருக்கு?" உம்மா குறுக்கே வந்து, அவளுக்கும் ஏச்சு. அன்றிலிருந்து இரண்டு பேரும் சரியாகப் பேசிக்கொள்வதில்லை. வாப்பா என் முகத்தைப் பார்க்காமல் மாத்திரையை மட்டும் எடுத்து வைத்துவிட்டுப் போகிறார்.

அவர் சொன்னது சரிதானே. எனக்கு ஆசை. முதலில் வருபவளுக்கு முகாமில் ஒரே ஓர் இடம், அது எனக்கு வேண்டும் என்று வாயை மூடிக்கொண்டு ஓடியிருக்கிறேன். என் உடம்பை நானே எரித்துக்கொண்டேன். போன வாரம் சங்கத்திலிருந்து ஆள் வந்து என் தரப்பையும் கேட்டார்கள். நான் சத்தம் கொடுக்கவில்லை, தவறு என்னுடையது என்று எழுதிக் கொடுத்தேன். கையெழுத்துப் போட மட்டும் கால் மணி நேரம் பிடித்தது. வந்தவர் பொறுமையாக இருந்தார், பேனாவைக்கூடப் பிடித்துக் கொடுத்தார். விசாரணை முடிந்தது, இனி யாரும் உன்னைத் தொந்தரவு செய்ய மாட்டார்கள்.

அதை விடு. டிசம்பரில் உனக்குப் பெரிய ஓட்டம் இருக்கிறதாமே. நான் சொல்வதைக் கேள், கோபிக்காதே. உனக்குக் கடைசி இருநூறு மீட்டரில் வேகம் கிடையாது. கடைசிச் சுற்றுக்கு மணி அடிக்கும்வரை கூட்டத்தோடு போனாயென்றால் மூன்று பேர் உன்னைத் தாண்டுவார்கள். நாம் இரண்டு பேரும் ஓடியபோதெல்லாம் நான் அப்படித்தானே உன்னைத் தாண்டினேன். அதனால் நடுவிலேயே கை வை. பதினாறிலிருந்து சுற்றுக்கு மூன்று நான்கு வினாடி குறைகிற மாதிரி வேகத்தைக் கூட்டு. கடைசி வேகம் உள்ளவர்களின் கால் அங்கேயே செத்துவிடும். பின்னால் மூச்சு மாறும், முனகல் கேட்கும். அப்போது குறைத்துவிடாதே, இன்னும் கூட்டு. படுத்துக்கிடக்கிறவளுக்கு வேறென்ன வேலை, ராத்திரி பகலாக உனக்காக இதைத்தான் ஓடிப் பார்க்கிறேன்.

வற்றல் சிக்குப்பிடித்துவிட்டது என்று உம்மா வேறு வறுத்திருக்கிறாள். எப்போது வருகிறாய்?

எப்போதும் உன் பின்னால் வரும்,
ஷாஹினாஸ்


ஊட்டி,
செப்டம்பர் 22, 2024

ஷாஹி,

உன் கடிதம் வந்து ஆறு நாள் ஆகிறது. மூன்று தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். இதைக் கிழிப்பதற்குள் தபாலில் போட்டுவிட வேண்டும்.

நீ கூப்பிட்டாய்.

பதினாறாவது சுற்றில் ஒரு தடவை, பதினெட்டில் ஒரு தடவை. இரண்டும் எனக்குத் தெளிவாகக் கேட்டது. இரண்டாவது தடவை உன் குரலே இல்லை அது, தொண்டையிலிருந்து காற்று மட்டும் வந்தது. அது நீதான் என்று எனக்குத் தெரியும்.

எண்பது என்று பேசினோம். பதினைந்து வரை எண்பதில்தான் போனேன், கர்த்தர் மேல் ஆணை. அப்போது என் கால் லேசாக இருந்தது. விலகி உனக்கு வழி விட்டால் என்ன நடக்கும் என்று தெரியும். கடைசி இருநூறில் நீ போவாய், நான் இரண்டாவது வருவேன், ஏழு வருஷமாக அப்படித்தான். முகாமுக்கு ஒரே இடம். அதனால் விலகவில்லை, சுற்றுக்கு எழுபத்தாறு என்று வேகத்தைக் கூட்டினேன். நீ கூப்பிட்டதும் உன் கால் செத்துக்கொண்டிருக்கிறது என்று புரிந்தது. உனக்கு ஆபத்து என்று எனக்குத் தோன்றவில்லை, ஷாஹி. நல்ல சேதி வந்ததுபோல் இருந்தது. இன்னும் கூட்டினேன். வாட்ச் இல்லாமல், நான் எண்பதில்தான் போவேன் என்று நம்பி நீ பின்னாலேயே வந்தாய்.

நீ சொல்லித்தருகிற அதே தந்திரம்தான். உன்மேலேயே நான் அதைச் செய்து முடித்தாயிற்று.

இன்னும் இருக்கிறது. இருபத்திரண்டாவது சுற்றில் அந்தப் பக்க நேர்ப்பாதையில் நீ விழுந்தாய். அந்த இடத்தை நான் மூன்று தடவை கடந்தேன். முதல் தடவை நீ ஒருக்களித்துக் கிடந்தாய், கை கால் வெட்டி வெட்டி இழுத்தது. இரண்டாவது தடவை உன்னைச் சுற்றி நான்கு பேர், யாரோ தண்ணீர் ஊற்றினார்கள். மூன்றாவது தடவை இடம் காலியாக இருந்தது, தரை மட்டும் நனைந்திருந்தது. அந்த ஈரத்தில் வழுக்கிவிடக் கூடாதே என்று இரண்டாவது தடத்துக்கு விலகி ஓடினேன். உனக்கு வழிவிட விலகாதவள் அப்போது விலகினேன்.

ஆஸ்பத்திரியில் கண்ணாடி வழியாகப் பார்த்தபோது உம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீயாவது ஜெயிச்சியே மக்களே" என்றார்கள். அதற்குப் பிறகு எந்த முகத்தோடு அந்த வீட்டுக்கு வருவது?

நீ கையெழுத்துப் போட்டது என் பொய்க்கு. இந்தக் கடிதத்தை யாரிடம் வேண்டுமானாலும் காட்டு. வாப்பாவிடம் காட்டு, சங்கத்துக்கு அனுப்பு. நான் எதையும் மறுக்க மாட்டேன். ஒரு வரி மட்டும் எழுது. ஏசியாவது எழுது.

ஜெப்சி


கோட்டாறு,
அக்டோபர் 12, 2024

ஜெப்சிக்கு,

வாப்பாவைப் பக்கத்தில் உட்கார வைத்து, நான் கூப்பிட்டேன் வாப்பா, இரண்டு தடவை கூப்பிட்டேன் என்று சொன்னேன். என் பேச்சு புரியாமல் மூன்று முறை கேட்டார். பிறகு உன் கடிதத்தைக் கையில் கொடுத்தேன். வாசித்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து என் காலைப் பிடித்துக்கொண்டார். "ஒன்னைத்தானே மக்களே நான் ஏசிட்டு இருந்தேன்" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார். பெற்ற வாப்பா மகள் காலைப் பிடித்து அழுவதை நான் பார்த்திருக்க வேண்டாம்.

ஓட்டத்தில் நீ செய்ததைப் பல நாள் யோசித்தேன். நானும் செய்திருப்பேனோ என்னவோ. கால் லேசாக இருந்து, முன்னால் ஒரே ஓர் இடம் இருந்தால், பின்னால் கேட்கிற சத்தத்தை நானும் கேட்காததுபோல் போயிருப்பேனோ? போக மாட்டேன் என்று அடித்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதனால் அந்தச் சுற்றுகளை நான் மன்னித்துவிட்டேன். நிஜமாகத்தான் சொல்கிறேன்.

ஆனால் பதினாறாவது சுற்றில் உனக்கு யோசிக்க நேரமில்லை. ஆகஸ்டில் உனக்குப் பதினான்கு நாள் இருந்தது. நான் கூப்பிட்டேனா என்று உன்னைத்தான் கேட்டேன், வேறு யாரையும் கேட்கவில்லை. ஒரு வரியில் நான் நன்றாக இருந்ததாக எழுதினாய், அடுத்த வரியில் களைத்திருப்பேன் என்றாய். அன்றைக்கே அது என் கண்ணில் பட்டது. ஜெப்சி பொய் சொல்ல மாட்டாள் என்று என் புத்தியைத்தான் சந்தேகப்பட்டேன். ஏற்கெனவே கெட்டுப்போன மூளை என்று எல்லோரும் சொல்கிறார்கள், நானும் அப்படியே நினைத்துக்கொண்டேன். அதை மன்னிக்க எனக்குத் தெரியவில்லை.

இதை உடனே சங்கத்துக்கு அனுப்ப வேண்டும் என்று வாப்பா குதித்தார். நான் விடவில்லை. உன்னை முகாமிலிருந்து விரட்டினால் நான் அடுக்களைக்கு நேராக நடந்துவிடுவேனா? உன் கடிதத்தை இத்துடன் திருப்பி அனுப்பியிருக்கிறேன். நகல் எடுக்கவில்லை. அதைச் சங்கத்துக்கு அனுப்புவதோ கிழித்துப் போடுவதோ உன் பாடு. நீதான் முடிவு செய்ய வேண்டும்.

என் எழுத்து தேறிவிட்டதாம். இனி எழுதவேண்டாம், ஊசியில் நூல் கோக்கப் பழகு என்கிறாள் பிசியோதெரபி அக்கா. அதனால் இதுதான் நான் உனக்கு எழுதும் கடைசிப் பக்கம். பதில் போடாதே, வந்தால் பிரிக்காமலே திரும்பி வரும். வற்றலை உம்மா பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டாள்.

இப்படிக்கு,
பக்கீர் முகம்மது மகள்
ஷாஹினாஸ்