நொவேனாவில் வாசித்த பெயர்

அன்புள்ள அக்கா,

அம்மா உன் துணிகளைத் துவைத்து மடித்துவைத்திருக்கிறாள்.

வேலைக்கென்று கூட்டிப்போய் உன்னை விற்ற இடத்திலிருந்து மடத்துச் சிஸ்டர்கள் மீட்டு வீட்டில் சேர்த்தார்களே, அதற்கு நன்றியாகத்தான் சர்ச்சில் நடக்கும் நொவேனா ஜெபத்துக்கு நன்றிச் சீட்டு எழுதிப் பெட்டியில் போட்டேன். நடந்ததையும் உன் முழுப்பெயரையும் எழுதினேன். பாதிரியார் அதை மைக்கில் வாசிப்பார் என்று தெரியாது. யாரிடமும் கேட்கக் கூச்சப்பட்டேன்.

"உன் சேச்சியா மோளே, மைக்கில் வாசிச்ச அந்தப் பொண்ணு? பாவம்!" என்று பக்கத்து வீட்டு ரஜிதா சேச்சி நம் வாசலில் கேட்டது உன் காதிலும் விழுந்தது. அன்றே வைப்பின் தீவிலுள்ள சிஸ்டர்களின் விடுதிக்குப் போய்விட்டாய்.

நேற்று பாதிரியார் வந்தார். "தப்பு எங்களோடதும்தான் மோளே. இனி யார் பேரையும் வாசிக்க மாட்டோம்" என்றார்.

இந்தக் கடிதத்தை விடுதி சிஸ்டரிடம் கொடுக்கிறேன். வீட்டிலிருந்து ஏதாவது வந்ததா என்று நீயாகக் கேட்டால் மட்டுமே தருவாராம். அதுதான் சரி. நீ இதைப் படிக்கிறாய் என்றால், கேட்டிருக்கிறாய். எனக்கு அது போதும், பதில் வேண்டாம்.

உன் தங்கை