நாற்பத்து மூன்றாம் கலவையும் ஒரு தக்காளி இலையும்

என் பிடிவாதக்காரருக்கு,

வணக்கம். இங்கே நானும் சின்னவளும் நலம். நீங்கள் நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா? ருசி தெரியவில்லை என்று தட்டைத் தள்ளிவிடுகிறீர்களாம், உங்கள் அக்கா போனில் கோள் சொன்னார். ருசி வரும்போது வரட்டும், வயிறு அதுவரை காத்திருக்காது.

சமையலறைக் குழாயைச் சரிசெய்தாயிற்று. பால்கனித் தக்காளிச் செடி நான்கு காய் விட்டிருக்கிறது. சின்னவள் இலையைக் கசக்கி விரலை என் முகத்தில் நீட்டும்போதெல்லாம் உங்கள் ஞாபகம்தான். சென்ட் செய்ய ஊரே பூவைத் தேடிப் போனால் என் வீட்டுக்காரர் தக்காளி இலையைத் தேடிப் போகிறார் என்று எல்லாரிடமும் சொல்லிச் சிரித்திருக்கிறேன். இப்போது சிரிப்பு வரவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். நாற்பத்து மூன்றாம் கலவையைப் போன வாரம் எடை போட்டேன். அதற்கு முந்தையதில் இலை குழாய்த் துரு மாதிரி நெடியடிக்கிறது என்று எழுதியிருந்தேன் அல்லவா? இலையைக் குறைக்கச் சொல்வீர்கள் என்று நினைத்தேன். நீங்களோ இலையைத் தொடாதே, ரோஜாவைப் பாதியாக்கு, வெட்டிவேர் எண்ணெயை ஒரே ஒரு சொட்டு சேர் என்று எழுதினீர்கள். அரை மனதோடுதான் செய்தேன். காகிதப் பட்டையைத் தோய்த்து முகர்ந்தால் முதலில் பச்சைக் கசப்பு. கொஞ்ச நேரத்தில் வெயில் பட்ட மண். சாயங்காலம் பார்க்கிறேன், துரு இருந்த இடத்தில் ரோஜா, வெறும் பூவாக இல்லாமல் தண்டும் முள்ளுமாக நிற்கிறது. எனக்குப் புல்லரித்துவிட்டது. ஐந்து மாதமாக ஒரு வாசனையும் தெரியாத மனிதர், முந்நூறு மைல் தள்ளி அக்கா வீட்டில் உட்கார்ந்து, என் அரைகுறை வர்ணனையை மட்டும் வைத்து இதை எப்படிச் செய்தார்? பதினோரு வருஷமாக உங்கள் கலவைகளுக்கு எடை போடுகிறவள் நான். எல்லாம் உங்கள் மூக்கில்தான் இருக்கிறது என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

இனி எழுதுவதற்கு நீங்கள் திட்டினாலும் சரி. முதலாளியம்மா அந்தப் பட்டையை முகர்ந்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு, முதுகுவலியோட படுத்துக்கிட்டே இப்படி ஒண்ணைச் செஞ்சாரா, அங்க எதை வச்சு முகர்ந்து பார்த்தார் என்று கேட்டார். முதுகுவலி என்றே சொல்ல வேண்டும் என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தீர்கள். என்னால் முடியவில்லை. காய்ச்சலில் உங்களுக்கு மோப்பம் போன கதை முழுவதையும் கொட்டிவிட்டேன். வேலை போச்சு என்றுதான் நினைத்தேன். அவர் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்து, பட்டையை மறுபடி எடுத்து முகர்ந்தார். உங்க வீட்டுக்காரர் மேசையை யாரும் தொடக் கூடாது, அவரை வரச் சொல்லுங்க என்றார். அவ்வளவுதான்.

மூக்கில்லாதவனுக்கு அங்கே என்ன வேலை, இனி திரும்பி வர மாட்டேன் என்று போன கடிதத்தில் எழுதியிருந்தீர்கள். பதில் இந்த உறைக்குள் இருக்கிறது. அதே கலவையில் தோய்த்த பட்டை, பிளாஸ்டிக்கில் சுற்றி வைத்திருக்கிறேன். உங்களுக்கு அது வெறும் காகிதம், தெரியும். உங்கள் அக்காவிடம் கொடுத்து முகரச் சொல்லுங்கள். நீங்கள் எதிரே உட்கார்ந்து அவர் முகத்தைப் பாருங்கள். பார்த்துவிட்டு அடுத்த ரயிலில் ஏறுங்கள். மூக்குக்கு நான் இருக்கிறேன்.

சத்தியத்தை மீறியவள்,
சின்னவளின் அம்மா