சுருதி சேராத விசிறிகள்

என் அருமைச் சுருதிப்பெட்டிக்கு,

'நலம், நலமறிய ஆவல்' என்று தொடங்குவதுதான் முறை. அதில் முதல் சொல்லை மட்டும் இப்போதைக்கு விட்டுவிடுகிறேன். மற்றவை நிஜம்.

நீ கேட்ட தேதி எப்போதோ போய்விட்டது, தெரியும். நம் கம்பெனி கடைசி டர்போப்ராப்பையும் விற்கப் போகிறது, அந்த விசிறி விமானங்களை ஓட்டியவர்கள் எல்லோரும் ஆளுக்கொரு பக்கம் எழுதுங்கள், நினைவு மலர் போடலாம் என்று கடல் தாண்டி உட்கார்ந்துகொண்டு நீதான் எங்களை விரட்டினாய். "எழுதலைன்னா உன் பக்கத்துல உன் மூஞ்சிய மட்டும் பெருசா போட்டுருவேன்" என்று வேறு மிரட்டினாய். போட்டிருக்கிறாய். பார்த்தேன். அந்தப் படத்தில் நான் சிரித்துக்கொண்டிருக்கிறேன். யாரோ தெரிந்த பெண் மாதிரி இருந்தது.

பாப்பா நன்றாக இருக்கிறாள். கீழே இரண்டு பல் வந்திருக்கிறது. தவழப் பார்க்கிறாள், ஆனால் பின்னாலேயே போகிறாள். பொம்மையை முன்னால் வைத்தால் அதைப் பார்த்துக்கொண்டே அழுதபடி பின்வாங்கிக் கட்டிலுக்கு அடியில் போய்ச் சேருகிறாள். மற்ற விமானங்களைப் பின்னால் தள்ள வண்டி வேண்டும், நம்முடையது விசிறியைத் திருப்பிப் போட்டுத் தானே பின்னால் போகுமே, அந்த வம்சம்தான் இவள் என்று இவரிடம் சொன்னேன். இவருக்குப் புரியவில்லை. பாவம், சிரித்தார்.

இவருக்கு இன்னும் அந்தப் பாலம் கட்டும் வேலைதான். வாரக் கடைசியில் வருகிறார். வந்ததும் பாப்பாவை நெஞ்சில் போட்டுக்கொண்டு தூங்கிவிடுகிறார். இரண்டு பேருக்கும் ஒரே மாதிரி வாய் திறந்திருக்கும். நல்ல மனிதர், குறை சொல்ல ஒன்றுமில்லை. குறை சொல்ல ஒன்றுமில்லாததே சில நாள் கஷ்டமாக இருக்கிறது. அத்தை ஆரம்பத்தில் சில மாதங்கள் கூட இருந்தார். நாத்தனாருக்குப் பிரசவம் என்று அங்கே போய்விட்டார். போகும்போது வாசலில் நின்று, "நீ படிச்ச பொண்ணு, பிளேனையே ஓட்டினவ. இத்தனூண்டு பிள்ளைய வச்சுக்கத் தெரியாதா உனக்கு?" என்றார். மெச்சித்தான் சொன்னார். ஆனால் அதற்குப் பிறகு எனக்கு இது தெரியவில்லை, அது முடியவில்லை என்று யாரிடமும் வாய் திறக்க வரவில்லை.

மலருக்கு எழுத என்னிடம் எவ்வளவோ இருந்தது. படியேறும்போது ஒரு தாத்தா நின்று விசிறியை அண்ணாந்து பார்த்துவிட்டு, "வெளிய இவ்ளோ பெரிய ஃபேன் ரெண்டு போட்டிருக்கீங்க, உள்ள ஒண்ணு போடக் கூடாதாம்மா? புழுங்குது" என்று கேட்டாரே, அதை எழுதியிருக்கலாம். ஆள் குறைவான ஒரு நாள், எடை சரியாக வர நாலு பேரைப் பின்வரிசைக்குப் போகச் சொன்னபோது அந்தப் பெரிய அம்மா இடுப்பில் கை வைத்து, "நாலு பேரு எதுக்கு? நான் ஒருத்தி போனா போதாதா?" என்று எழுந்து போனதை எழுதியிருக்கலாம். போதுமாகத்தான் இருந்தது.

அப்புறம் அந்தக் குன்றடி நிலையத்து அண்ணன். டிக்கெட் கிழிப்பதும் அவர், பெட்டி தூக்குவதும் அவர், ஓடுபாதையில் நாய் விரட்டுவதும் அவர். "ஏர்போர்ட்டுன்னு தனியா ஒண்ணும் இல்லம்மா, நான்தான் ஏர்போர்ட்டு" என்பார். இன்ஜினை அணைத்துக் கதவைத் திறந்தால் மழைக்கு முந்தின மண்வாசனை நேரே உள்ளே வரும். கீழே அவர் நின்று, பயணிகளைக் கூடப் பார்க்காமல் நம்மைப் பார்த்து, "ரெண்டு பேரும் சாப்பிட்டீங்களா?" என்று கேட்பார். இப்போது எல்லோரும் என்னிடம் கேட்கிறார்கள், பாப்பா சாப்பிட்டாளா என்று.

அங்கே நீ ஓட்டுகிற ஜெட்டில் மேலே போனால் ஒன்றும் தெரிவதில்லை, பஞ்சு மூட்டைக்குள் உட்கார்ந்த மாதிரி இருக்கிறது என்று எழுதியிருந்தாய். நாம் மேகத்துக்குக் கீழேயே போய்க்கொண்டிருந்தோம். மொட்டை மாடியில் காயும் துணி என்ன நிறம் என்று பந்தயம் கட்டுவோம். பள்ளிக்கூடத்து மைதானத்தில் பிள்ளைகள் கை காட்டும். நீ இறக்கையை லேசாகச் சாய்த்துப் பதில் சொல்வாய். மூன்றாம் மாடி ஜன்னலில் நின்று நானும் இப்போது விமானம் போனால் பாப்பாவின் கையைப் பிடித்து ஆட்டுகிறேன். எதிர்வீட்டு அம்மா தன்னைக் கூப்பிடுகிறேன் என்று நினைத்து ஒரு நாள் பதிலுக்குக் கை ஆட்டினார். அன்றைக்கு முழுக்க அதை நினைத்துக்கொண்டிருந்தேன்.

இனிமேல்தான் நான் சொல்ல வந்தது.

இரண்டு விசிறியும் ஒரே வேகத்தில் சுற்றாவிட்டால் ஒரு சத்தம் வருமே, 'ஊம்… ஊம்…' என்று அலை அலையாக, பயணிகளுக்குத் தலைவலி வரவழைக்கிற சத்தம். நாங்கள் கண்ணைச் சுருக்கி முள்ளைப் பார்த்துச் சரிசெய்வோம். நீ கண்ணை மூடிக்கொண்டு நெம்புகோலை ஒரு மயிரிழை நகர்த்துவாய். இரண்டும் ஒன்றாகி, சத்தம் மாவு மாதிரி மெத்தென்று ஆகிவிடும். அதனால்தானே கொட்டாவி கேப்டன் உனக்குச் சுருதிப்பெட்டி என்றும், முள்ளைப் பார்த்து முணுமுணுக்கிற எனக்கு முணுமுணு என்றும் பேர் வைத்தார். இடி மின்னலிலும் கொட்டாவி விடுகிற மனிதர், அந்தச் சத்தம் சேரும்போது மட்டும் வாயை மூடிக்கொண்டு 'ஆகா' என்பார்.

என் வீட்டில் ஃபேனும் ஃபிரிட்ஜும் சுருதி சேரவில்லை. கேட்டால் சிரிப்பாய். இவரும் சிரித்தார். பாப்பா தூங்குகிறாள், வீடு முழுக்க 'ஊம்… ஊம்…' என்று அந்த அலை. பல்லைக் கடித்துப் பார்த்தேன், காதில் பஞ்சு வைத்தேன். கடைசியில் ஃபிரிட்ஜை அணைத்துவிட்டேன். மறுநாள் பால் எல்லாம் திரிந்துபோயிருந்தது. இவர் அதை அலுவலகத்தில் சொல்லி, அவர்கள் சிரித்து, "பைலட் காது, பைலட் காது" என்று போன வாரம் வீட்டுக்கு வந்த சக பொறியாளர் வரைக்கும் கேலி. நானும் சேர்ந்து சிரித்தேன்.

நான் அவர்களிடம் சொல்லாதது இது. ஃபிரிட்ஜை அணைத்த பிறகும் அந்தச் சத்தம் நிற்கவில்லை. ஃபேனையும் அணைத்தேன். நிற்கவில்லை. பாப்பா மூச்சு ஒரு பக்கம், என் மூச்சு ஒரு பக்கம், இரண்டும் சேராமல் அலை அலையாக அடிப்பது போல இருந்தது. அவள் மூச்சோடு என் மூச்சைச் சேர்க்கப் பார்த்துக்கொண்டே விடிந்துவிட்டது. இப்போது பெரும்பாலும் அப்படித்தான் விடிகிறது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், நிறுத்தினால் சொல்ல மாட்டேன். எங்கள் வீட்டுக்கு லிஃப்ட் கிடையாது. பாப்பாவோடு படியிறங்கும்போது கை தானாக விட்டுவிடுமோ என்று ஒரு எண்ணம். வழுக்கி விழுகிற பயம் இல்லையடி. என் கையே விட்டுவிடும் என்ற பயம். அதனால் உட்கார்ந்து உட்கார்ந்து இறங்குகிறேன், ஒவ்வொரு படியாக. கீழ்வீட்டுக்காரர் பார்த்துவிட்டு, "என்னம்மா, இந்த வயசுலயே முட்டி வலியா?" என்றார். ஆமாம் என்றேன். அன்றிலிருந்து எனக்குத் தைலம் கொண்டுவந்து கொடுக்கிறார். இரண்டு புட்டி சேர்ந்துவிட்டது. முட்டியில் தேய்த்துக்கொள்கிறேன், பொய் சொன்னதற்கு.

அடுத்த மாதம் முதல் வியாழக்கிழமை எனக்கு மெடிக்கல். அதில் தேறினால்தான் ஜெட் பயிற்சிக்கு என்னைச் சேர்ப்பார்கள். டர்போப்ராப்காரர்களுக்கு இதுதான் கடைசி அணி, தவறினால் அடுத்தது உண்டா என்று ஆபீஸில் யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. கண், காது, இதயம் எல்லாம் சரியாக இருக்கும். கடைசியில் டாக்டர் பேனாவை மூடிக்கொண்டே, "தூக்கம் எப்படி, மனசு எப்படி?" என்று கேட்பாரே, நம்மில் யார் அதற்கு உண்மையைச் சொல்லியிருக்கிறோம்? நல்லா இருக்கேன் டாக்டர் என்று ஒரு வரி போதும். அந்த ஒரு வரியை நான் பாத்ரூமில் சொல்லிப் பழகிக்கொண்டிருந்தேன். நன்றாகவே வருகிறது. அதுதான் பயமாக இருக்கிறது. அப்படிச் சொல்லித் தேறிவிட்டால், பின்னால் நிறைய பேரை உட்கார வைத்துக்கொண்டு, இல்லாத சத்தம் கேட்கிற ஒருத்தி முன்னால் உட்கார்ந்திருப்பாள். சொல்லிவிட்டால் வைத்தியம் முடியும்வரை தரையில் நிறுத்துவார்கள். அணி போய்விடும். பறப்பதும் போய்விட்டால் நான் யாரென்று எனக்கே தெரியவில்லை.

மலரில் எல்லோரும் புயலில் இறக்கியதையும் ஒற்றை இன்ஜினில் திரும்பியதையும் எழுதியிருக்கிறார்கள். எனக்கு அந்த விமானத்தில் எது மிகப் பிடித்த நாள் என்று கேட்டால், உன் அப்பா காலமாகி இரண்டு வாரத்தில் நீ வேலைக்குத் திரும்பிய நாள். நீ கேப்டன், நான் துணை. குன்றடிக்கு இறங்கிக்கொண்டிருந்தோம். விமானி அறை தோளோடு தோள் இடிக்கிற இடம் என்பதால் உன் தோள் நடுங்குவது எனக்குத் தெரிந்தது. பொறுப்பை மாற்றிக் கொடுக்க முறையான வாசகம் இருக்கிறது. நீ அதைச் சொல்லவில்லை. "நீ எடுத்துக்கோடி. நம்பரெல்லாம் கண்ணுக்குத் தெரியுது, மண்டைக்குள்ள போகல" என்றாய். எடுத்துக்கொண்டேன். நான் இறக்கிய அழகுக்கு, இறங்கும்போது ஒரு பயணி, "ஒரு டிக்கெட்டுக்கு மூணு தடவ இறக்கிட்டீங்களே" என்று கும்பிட்டுவிட்டுப் போனார். நீ அழுதுகொண்டே சிரித்தாய். அன்று மாலையே ஆபீஸுக்குப் போய், எனக்கு இப்போது முடியாது என்று நீயே சொன்னாய். பேசினார்கள். முதுகுக்குப் பின்னால் கொஞ்ச நாள் பேசினார்கள். பிறகு நீ திரும்பி வந்தாய், அவ்வளவுதான். அன்றைக்கு எனக்கு உன்மேல் வந்த மரியாதை, நீ எத்தனையோ மழையில் பூப்போல இறக்கியபோது வந்ததில்லை. இதை உன்னிடம் சொன்னதே இல்லை, பார்.

உன் புதுக் கம்பெனிக்காரர்களுக்குக் காலி சீட்டில் வந்துபோக முடியும் என்று சொல்லியிருக்கிறாய். அந்த வியாழக்கிழமை நீ வர வேண்டும். என்னை உற்சாகப்படுத்த வேண்டாம், புத்தி சொல்லவும் வேண்டாம். டாக்டர் அறைக்கு வெளியே பெஞ்சில் பாப்பாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திரு. நான் உள்ளே போய் உள்ளதைச் சொல்லிவிட்டு வருகிறேன். இவரிடம் அன்று சாயங்காலம் சொல்கிறேன், நீயும் பக்கத்தில் இரு. பாப்பா புது ஆளிடம் அழுவாள். அழட்டும், நீ விடாமல் பிடித்துக்கொள்.

உனக்கு அன்று வேலை இருந்தால் இருக்கிறது என்று ஒரு வரி எழுது, கோபித்துக்கொள்ள மாட்டேன். தனியாகவே போய்ச் சொல்லப் பார்க்கிறேன்.

நீ இறங்குகிற இடமெல்லாம் ஓடுபாதை காய்ந்து கிடக்கட்டும், எதிர்க்காற்று இதமாக இருக்கட்டும். ஆனால் வந்துவிடடி.

என்றும் உன்,
முணுமுணு