ஆட்டுக்கால் சாற்றின் மேல் ஒரு மகஜர்

சார்வரி வருஷம், ஐப்பசி 12, ஞாயிறு

விடியலிலிருந்து தூறல். உலர்ந்த வேட்டி ஒன்றுகூட வீட்டில் இல்லை.

வெட்கக்கேட்டை முதலில் எழுதிவிடுகிறேன். நேற்று சைவ சபையில் புலால் உண்ணாமை பற்றிச் சொற்பொழிவு. அக்கிராசனம் நான். தூங்கிப்போனேன். அது ஒரு குற்றமில்லை. சபைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் வீட்டில் தூக்கம் வராதவர்கள்தான். ஆனால் நான் தூக்கத்தில் சப்புக்கொட்டினேனாம். பேசியவர் ஆட்டுக்குட்டியின் கண்ணைப் பற்றி உருகிக்கொண்டிருந்த சமயம் பார்த்து. முன்வரிசை முழுக்கக் கேட்டதாம். தொடர்ந்து ஒரு நீண்ட உறிஞ்சலும் உண்டாம்.

வீட்டுக்காரிக்கு, நான் வீடு வந்து சேருவதற்குள் சேதி வந்துவிட்டது. காற்றை விட வேகம் எங்கள் தெருப் பெண்கள்.

"கனவுல என்னத்தத் தின்னிய?"

"அதிரசம்."

"அதிரசத்த யாராச்சும் உறிஞ்சுவாவளா?"

வக்கீல் நான். குறுக்கு விசாரணை அவள்.

உண்மை இதுதான். தீபாவளி கழிந்து வண்டிப்பேட்டை ஓரத்தில் ஒரு ராவுத்தர் ராத்திரிக் கடை போட்டிருக்கிறார். ஆப்பம், ஆட்டுக்கால் சாறு. பேட்டைக்கு அடுத்த தெருதான் சபை. நேற்று மேல்காற்று. மிளகும் கொத்தமல்லியும் ஜன்னல் வழியே வந்து அக்கிராசனத்தின் மூக்கைப் பிடித்து இழுத்தன. நான் என்ன செய்ய?

நாளை வாங்க: விளக்கெண்ணெய், பொடிமட்டை, குடைக்குக் கம்பி.

ஐப்பசி 14, செவ்வாய்

வெயில் எட்டிப் பார்த்தது. கோர்ட்டில் வாய்தா வாங்கியதைத் தவிர ஒரு காரியமும் ஆகவில்லை. சந்தோஷம்.

சாயங்காலம் நெல்லையப்ப பிள்ளை வந்தார். சபைக் காரியதரிசி. நல்ல மனிதர், அதனால்தான் அவரோடு பேசுவது கஷ்டம். உட்காரவில்லை.

"வேய், வண்டிப்பேட்டைக் கடை சங்கதி தெரியுமா? ஹைஸ்கூல்ல தங்கிப் படிக்கிற நம்ம பிள்ளையள்லாம் ராத்திரி சுவரேறிக் குதிச்சி அங்கன போகுதாம். பெத்தவன் விபூதி பூசி அனுப்புதான், இவன் எலும்ப உறிஞ்சிட்டு வாரான். அந்தக் கடைய எடுக்கணும். தாசில்தாருக்கு மகஜர் எழுதும்."

"நானா?"

"பின்ன? இங்கிலீஷும் தமிழும் தெரிஞ்ச வக்கீலு. சபைக்கு உபதலைவரு. அதோட…" குரலைத் தாழ்த்தினார். "அன்னைக்கு நடந்ததுக்கு ஒரு பிராயச்சித்தமாவும் இருக்கும்லா."

மறுத்தால் சப்புக்கொட்டியதற்கு அர்த்தம் கிடைத்துவிடும். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் மகஜர் வாசிப்பது என்று ஒப்புக்கொண்டேன். எல்லாரும் கையெழுத்துப் போடுவார்கள். தாசில்தார் சும்மா இருக்க மாட்டார். பிள்ளைமார் தெரு முழுக்கக் கையெழுத்துப் போட்டால் கடை ஒரு வாரம் தாங்காது.

ராவுத்தருக்குச் செட்டியார்பட்டியில் பெண்டாட்டியும் நாலு பிள்ளைகளும். இது இவள் சொன்னது. இவளுக்கு எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை.

ஐப்பசி 15, புதன்

வழக்கு நடத்துகிறவன் ஸ்தலத்தைப் பார்க்க வேண்டாமா? பார்த்தேன். ராத்திரி. தலையில் துண்டு. பனி இறங்குகிறது அல்லவா.

கூரை கிடையாது. நாலு கம்பு, ஒரு கோணிப்படுதா. இரண்டு அடுப்பு. ஒன்றில் ஆப்பச்சட்டி, ஒன்றில் பெரிய மண்பானை. பானையின் மூடியைத் திறந்தார். அடுப்பு வெளிச்சம் முகத்தில் அடித்தது. துண்டை விலக்கி உற்றுப் பார்த்தேன்.

மதுரை ராவுத்தர்! காலேஜுக்குப் பின்னால் சந்தில் இருந்தவர். அதே அகல முகம், அதே கட்டைத் தாடி, அகப்பையைத் தோளுக்கு மேலே தூக்கி ஊற்றுகிற அதே கை. மனிதர் அப்படியே இருக்கிறார். எனக்குத்தான் தலை பஞ்சாகிவிட்டது. உழைக்கிற உடம்பு உழைக்கிற உடம்புதான்.

"உம்ம பேரு?"

"மைதீன் ராவுத்தர்ங்கய்யா. உக்காருங்க. செத்த நேரம், ஆப்பம் வேகுது."

பேரும் அதேதான்!

"மதுரையில, காலேஜ் பின்சந்துல, ராத்திரிக் கடை போட்டிருந்தது நீர்தானே?"

"ஆமாய்யா."

"விளக்க அணைச்சிட்டுப் பரிமாறுவீரே, ஞாபகம் இருக்கா?"

"இருக்காதா பொறவு? நல்லா இருக்கு."

"சொட்டைத் தலையோட ஒருத்தன், மூணாவது ஆப்பத்துக்கு அழுவானே, அவன்?"

"அவுகள மறக்க முடியுமாய்யா!"

மனிதருக்கு என்ன ஞாபகசக்தி! கண்ணில் நீர் வந்துவிட்டது. மிளகாலும் இருக்கலாம்.

சாப்பிட்டேனா? ஆப்பத்துக்குத் தேங்காய்ப்பாலும் உண்டு என்பதை மட்டும் இங்கே குறித்து வைக்கிறேன்.

வந்து படுத்தேன், தூக்கம் இல்லை. அந்த நாட்கள். நான் தங்கிப் படித்த பிள்ளைமார் மடத்தில் விளக்கு வைக்கும் நேரத்தில் சாப்பாடு முடிந்துவிடும். அப்புறம் பாடம், கொட்டாவி, கொசு. வயிற்றுக்குள் எலி ஓடும். அப்போது மதுரை ராத்திரியில் கிடைத்தவை: கோவில் வாசலில் பருத்திப்பால். பொட்டல் மூலையில் அவித்த வள்ளிக்கிழங்கு. சுக்குவெந்நீர். கண் தெரியாத ஒரு அம்மாள் விற்ற புளித்த இட்டிலி. அதைச் சுவரில் எறிந்தால் சுவருக்கு ஆகாது. எல்லாவற்றுக்கும் மேலே, சந்துக் கடை.

மூன்று பேர் போவோம். நான் சைவம். ராஜபாளையத்து ரங்கராஜா, அவன் வீட்டில் கறி உண்டு, அவனுக்குப் பயமில்லை, துணைக்கு வருவான். மூன்றாவது ஆள் இந்த ஊர் ஐயங்கார் வீட்டுப் பையன், அந்தச் சொட்டைத் தலை. இன்று பெரிய மனிதர், பெயரை இந்த நோட்டில்கூட எழுத மாட்டேன். உட்கார்ந்ததும் ராவுத்தர் விளக்கை ஊதி அணைத்துவிடுவார். இருட்டில் இலை வரும். இருட்டில் சாறு வரும். பக்கத்தில் யார் என்று தெரியாது. பத்துச் சாதியும் ஒரே பலகையில், உறிஞ்சுகிற சத்தம் மட்டும். காலையில் மடத்துப் பெரியவர் கூப்பிட்டு, "ராவுத்தர் கடையில யாரடா பாத்தே?" என்று கேட்பார். "சத்தியமா ஒருத்தரையும் பாக்கல" என்பேன். சத்தியமும் பொய்யில்லை, வயிறும் காலியில்லை.

வீட்டை நினைத்து அழுத ராத்திரிகளில் என்னைப் பாயோடு கட்டிப்போட்டது படிப்பில்லை, அந்தச் சாறுதான். நான் ஓடிப்போகாமல் பரீட்சை எழுதினேன், வக்கீலானேன். அந்தக் கையை விரட்ட நான் மகஜர் எழுதுவதா?

எழுதாவிட்டால் இன்னொருவன் எழுதுவான். அதுதான் சங்கடம்.

ஐப்பசி 17, வெள்ளி

வழக்கு விஷயமாக ராஜபாளையம். வண்டியில் இடுப்பு கழன்றுவிட்டது. ரங்கராஜா வீட்டில் மதியம். தொந்தி முன்னை விட ஒரு முழம். அவன் சம்சாரம் போட்ட கத்தரிக்காய்க் கூட்டுக்காகவே இந்த வழக்கு இன்னும் ஒரு வருஷம் இழுக்கலாம்.

விஷயத்தைச் சொன்னேன். சாப்பிடுகிறவன் கையை உதறிவிட்டு எழுந்தான்.

"ஏமிரா! நம்ம ராவுத்தரா? உசிரோட இருக்காரா?"

"இருக்காரு. அப்படியே இருக்காரு."

"அவர விரட்ட நீ எழுதிக் குடுக்கியா? மனுசனா நீ?"

"நான் என்னடா செய்ய? சபை மொத்தமும் நிக்குது."

"நிக்கட்டுமே. ஒண்ணு கேக்கேன். அந்தப் பானைக்குள்ள இருக்கது ஆட்டுக்கால்தான்னு உங்க ஆளுகளுக்கு எப்படிடா தெரியும்? எவன் தின்னு பாத்தான்?"

சொல்லிவிட்டு அவன் பாட்டுக்கு மோர் குடிக்கப் போய்விட்டான்.

திரும்பும் வழியெல்லாம் சிரித்துக்கொண்டே வந்தேன். வண்டிக்காரன் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தான். "அய்யாவுக்கு மேலுக்கு முடியலையா?"

முடிகிறது. நன்றாக முடிகிறது.

ஐப்பசி 19, ஞாயிறு

மழை கொட்டியும் சபை நிறைந்த கூட்டம். திருநீற்று வாசனை. ஜன்னலை நெல்லையப்ப பிள்ளை முன்கூட்டியே சாத்தி வைத்திருந்தார்.

மகஜரை எழுந்து நின்று வாசித்தேன். கனமான தமிழ். மாணாக்கர் நெறி, ஊரின் மானம், எல்லாம் இருந்தது. தலைகள் ஆடின. கடைசிப் பாராவுக்கு வந்தேன்.

"கீழே கையொப்பமிட்டுள்ள நாங்கள், மேற்படி கடையில் மேற்படி பானையில் உள்ளது ஆட்டுக்கால் சாறே என்பதை, பிறர் சொல்லக் கேட்டு அல்லாமல், எங்கள் சொந்த அனுபவத்தால் அறிவோம் என்று பிரமாணமாகச் சொல்லுகிறோம்."

தலைகள் நின்றுவிட்டன.

நெல்லையப்ப பிள்ளைதான் முதலில்: "வேய், அது எதுக்கு?"

"தாசில்தார் கேப்பாரே அண்ணாச்சி. அது பருப்பு ரசமா இருந்தா? வீண் புகார்னு நம்ம மேலயே திருப்புவாரு. கேள்விப்பட்ட சாட்சி செல்லாது."

"வாசனையிலயே தெரியாதா?"

"எனக்குத் தெரியல. உங்களுக்குத் தெரியும்னா நீங்க மொதல்ல கையெழுத்துப் போடுங்க."

பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: "ஆமா, காரியதரிசி அண்ணாச்சியே ஆரம்பிச்சி வைக்கட்டும்!"

"எனக்கு மூக்கு அடைச்சி ஒரு மாசமாவுதுய்யா!" என்றார் அவர்.

பேனா ஒரு சுற்றுச் சுற்றி வந்தது. ஒருவருக்குக் கண்ணாடி வீட்டில். ஒருவருக்குக் கைச்சுளுக்கு. தானியக்கடைக்காரருக்குத் திடீரென்று மாடு அவிழ்ந்துவிட்ட ஞாபகம். எந்தக் கறியையும் மூக்கால் அறியாத பரிசுத்தமான சபை. பேனா அப்படியே என்னிடம் திரும்பி வந்தது.

நெல்லையப்ப பிள்ளை என்னை உற்றுப் பார்த்தார். "வேய், நீரு நல்ல வக்கீல்தாம்வே" என்றார். திட்டினாரா பாராட்டினாரா, தெரியவில்லை.

பிறகு அவரே எழுந்து ஒரு யோசனை சொன்னார். பிள்ளைகள் பசியால்தானே சுவர் ஏறுகிறார்கள்? சபைச் செலவில் ராத்திரி அவர்களுக்குச் சுண்டலும் கஞ்சியும் கொடுத்தால் என்ன? எல்லாரும் கை தட்டினார்கள். கையெழுத்துக்கு வராத கைகள் எல்லாம். எனக்கு அவர் மேல் உண்மையிலேயே மரியாதை வந்தது. மகஜர் கிழிக்கப்பட்டது.

பிள்ளைகள் இனிமேல் சுண்டலைத் தின்றுவிட்டுச் சுவர் ஏறுவார்கள். தெம்பாக ஏறலாம்.

ஐப்பசி 20, திங்கள்

மழை விட்டது. கோர்ட் கலைந்ததும் ஜவுளிக்கடை. ஒரு நல்ல எட்டு முழ வேட்டி. இவளிடம் கட்சிக்காரருக்கு என்றேன். "எந்தக் கட்சி?" என்றாள். செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

ராவுத்தர் கடையில் அப்போதுதான் அடுப்பு பற்ற வைத்துக்கொண்டிருந்தார். வேட்டியைக் கையில் கொடுத்தேன். திகைத்தார்.

"எதுக்குய்யா?"

சொன்னேன். மகஜர் சங்கதி, சபை, எல்லாம். கேட்டுக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். கடையை எடுக்கச் சொல்லப் போகிறார்கள் என்று காதில் விழுந்து, வேறு இடம் பார்த்துத் தளவாய்புரம் போக மூட்டை கட்டி வைத்திருந்தாராம். சின்னப் பெண்ணுக்குக் காய்ச்சல். எப்படிப் போவது என்று நேற்றெல்லாம் தூங்கவில்லையாம். கையெடுத்துக் கும்பிட வந்தார். பிடித்துக்கொண்டேன்.

"நீரு எனக்குச் செஞ்சதுக்கு இது ஒண்ணுமே இல்ல, ராவுத்தரே. மதுரைக் காலேஜுல நான் எஃப்.ஏ. படிச்சப்ப, அந்தச் சாறு இல்லைன்னா ஊருக்கு ஓடி வந்திருப்பேன். இதச் சொல்லணும்னு எம்புட்டு நாளா மனசுல இருந்திச்சி தெரியுமா?"

அவர் வேட்டியைத் தடவிக்கொண்டே இருந்தார். ஏதோ மனதில் உறுத்தியிருக்க வேண்டும்.

"ஒண்ணு சொன்னா கோவிச்சிக்கக் கூடாது. நான் மதுரைய ஒருக்கக் கூடப் பாத்ததில்லய்யா."

"அன்னைக்குக் கேட்டப்ப ஆமான்னு சொன்னீரே?"

"கடைக்கு வந்தவுக அம்புட்டு ஆசையா, கண்ணு கலங்கக் கேக்கும்போது, இல்லைன்னு சொல்ல வாய் வருமாய்யா? வேட்டிய நீங்க வச்சிக்கிடுங்க."

வேட்டியைத் திரும்ப அவர் மடியிலேயே வைத்தேன். பலகையில் உட்கார்ந்தேன். இலை போடச் சொன்னேன். சூடாக இருந்தது. நன்றாக இருந்தது. மதுரைச் சாற்றை விட நன்றாக இருந்ததோ என்று ஒரு சந்தேகம். யாரோ ஒரு ராவுத்தருக்குப் பட்ட நன்றிக்கடன், யாரோ ஒரு ராவுத்தருக்குப் போய்ச் சேர்ந்தது. போகட்டும். இரண்டு பானையும் வாழ்க.

ஐப்பசி 21, செவ்வாய்

நல்ல வெயில். வேட்டிகள் காய்ந்தன.

கோர்ட்டுக்குப் போகிற வழியில் ராவுத்தர் எதிரில் வந்தார். புது வேட்டி. பேச்சோடு பேச்சாக வயதைக் கேட்டேன். வருகிற தை பிறந்தால் முப்பதாம்.

நான் எஃப்.ஏ. எழுதிய வருஷம் மனிதர் தவழ்ந்துகொண்டிருந்திருக்கிறார்.